‘சமாதானமாப் போங்க’ என்று சொல்வதற்கு முன்னால்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தொடக்கப் பள்ளிகளும் நம் வரலாறும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் அரை மணி நேரப் பேருந்துப் பயணம்தான். அந்தச் சாலையிலிருந்து பிரிந்து போகும் ஊர்களில் ஒன்றில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. ஊர்ப் பெயரையும் குழந்தைகளின் பெயர்களையும் இங்கே எழுதப் போவதில்லை.

நாலாம் வகுப்பு, மதிய இடைவேளை, நல்ல வெயில். விளையாடிவிட்டு ஓடி வந்த ஒரு பையன், பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டான். பாட்டிலுக்குச் சொந்தக்காரப் பையன் அதைப் பிடுங்கி, மிச்சத் தண்ணீரைத் தரையில் கொட்டி, பாட்டிலைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசினான். "அவங்க தெரு ஆளுக கூட ஒண்ணாத் தண்ணி குடிக்கக் கூடாதுன்னு எங்க அம்மா சொல்லிருக்கு" என்றான். அடிதடி ஆனது. ஆசிரியர் வந்தார். இரண்டு பேரையும் முட்டி போட வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "கை குடுங்க, சமாதானமாப் போங்க" என்றார். கை கொடுத்தார்கள். பிரச்சினை முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். தண்ணீர் குடித்த பையன் மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அந்தப் பள்ளிக்கு நாங்கள் வாரம் ஒருமுறை போய்க்கொண்டிருந்தோம். குழந்தைகளோடு வட்டமாக உட்கார்ந்து பேசுவது எங்கள் வேலை. 'சீரமைப்பு நீதி' என்று பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்களே, அதைத் தொடக்கப் பள்ளியில் செய்து பார்க்கும் முயற்சி. எங்கள் தோழர்கள் சிலரிடம் இதைச் சொன்னபோது முகம் சுளித்தார்கள். "நம்மளை எத்தனை சமாதானத்துக்குத்தான் உட்கார வைப்பாங்க?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல இந்த மண்ணின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.

பள்ளிக்குள் நுழைந்த கதை

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. பிறகு ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போனது. 1985-ல் அதிலிருந்து பிரிந்து இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்குள் வந்தது. 1854-ல் சர்ச் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த ராக்லண்டு, ஃபென், மெடோஸ் ஆகியோர் கூடாரம் போட்டு ஊர் ஊராகச் சுற்றியது இந்த வட நெல்லைப் பகுதியில்தான். மிஷன் போன இடங்களில் பள்ளிகளும் வந்தன. ஊருக்குள் இருந்த திண்ணைப் பள்ளியின் வாசலைக்கூட மிதிக்க முடியாதிருந்த மக்களுக்கு எழுத்து அறிமுகமானதில் மிஷன் பள்ளிகளின் பங்கு பெரியது.

1893-ல் சென்னை மாகாண அரசு 'பஞ்சமர்' கல்விக்காக ஓர் ஆணை பிறப்பித்தது. தனிப் பள்ளிகளுக்கும் உதவித்தொகைக்கும் அது வழி செய்தது. அடுத்த ஆண்டே சென்னை அடையாறில் ஆல்காட் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜா என்று நம் முன்னோடிகள் எல்லோரும் கல்வியையே முதல் கோரிக்கையாக வைத்தார்கள். தனிப் பள்ளி ஏன் தேவைப்பட்டது? பொதுப் பள்ளி என்று சொல்லப்பட்டது ஊருக்குள், சாவடியில், கோயில் பக்கம் இருந்தது. அங்கே நம் குழந்தைகள் போக முடியாது. அரசு ஊரின் கதவைத் திறக்கவில்லை. சேரியில் ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தது. அந்தக் கொட்டகையில் படித்துத்தான் நம் தாத்தாக்கள் கையெழுத்துப் போடக் கற்றார்கள். அதனால் அதைக் குறைத்துப் பேச நமக்கு மனம் வராது. ஆனாலும் பிரிவினையை அது அப்படியே விட்டுவைத்தது என்பதையும் மறைக்க முடியாது.

பொதுப் பள்ளிக்குள் போன குழந்தைக்கு என்ன நடந்தது என்பதை அம்பேத்கர் எழுதியிருக்கிறார். சத்தாராவில் அவர் படித்த பள்ளியில் தனியாகக் கோணிச் சாக்கில் உட்கார வேண்டும். அந்தச் சாக்கையும் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டும். நூற்றிருபது வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. எங்கள் நாலாம் வகுப்பில் சண்டை வந்ததும் தண்ணீரால்தான்.

ஒரே வரிசையில் ஒரு சோறு

1953-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தை மக்கள் 'குலக்கல்வித் திட்டம்' என்று அழைத்து எதிர்த்தார்கள். 1954-ல் முதலமைச்சரான விருதுநகர்க்காரர் காமராஜர் அதைக் கைவிட்டார். 1956-ல் மதிய உணவுத் திட்டம் வந்தது. பசிக்குச் சோறு கிடைத்தது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தைச் சமூகவியல் படிக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். எல்லாச் சாதிக் குழந்தைகளையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து, ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட வைத்தது அந்தத் திட்டம். தீண்டாமைக்கு எதிராக நம் கிராமங்களில் நடந்த பெரிய காரியங்களில் அதுவும் ஒன்று.

அது அவ்வளவு சுலபமாக ஜெயித்துவிடவில்லை என்பதற்குச் சாட்சி அண்மையில்தான் கிடைத்தது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2023-ல் அது மாநிலம் முழுக்க விரிந்தபோது, எட்டயபுரம் பக்கத்தில் உசிலம்பட்டி என்ற ஊரில், பட்டியல் சாதிப் பெண் சமைத்த உணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர்கள் தடுத்தார்கள். அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆட்சியரும் நேரில் போய்க் குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அந்தக் குழந்தைகளுக்குச் சோற்றில் சாதி தெரியாது. வீட்டில் சொல்லிக் கொடுத்தார்கள்.

சமாதானம் என்ற சொல்

இப்போது தோழர்களின் கேள்விக்கு வருவோம். நமக்கு ஏன் 'சமாதானம்' என்றாலே சந்தேகம் வருகிறது?

1957 செப்டம்பர் 10. அன்று ராஜபாளையமும் முதுகுளத்தூரும் ஒரே ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. முதுகுளத்தூரில் ஆட்சியர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் இமானுவேல் சேகரன் கலந்துகொண்டார். மறுநாள் இரவு பரமக்குடியில் படுகொலை செய்யப்பட்டார். சமமாக உட்கார்ந்து பேசியவர் ஒரு நாள் கூட உயிரோடு விடப்படவில்லை. சமாதானக் கூட்டம் என்றவுடன் தென்மாவட்டத்துத் தலித் மனதில் வரும் முதல் நினைவு இது.

1995-ல் கொடியங்குளம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 31-ல் அங்கே நம் வீடுகளைச் சூறையாடியது காவல்துறை. 1997-ல் விருதுநகர் மாவட்டத்துக்கான போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு சூட்டியது. மற்ற தலைவர்களின் பெயர் போட்ட பேருந்தில் எல்லோரும் ஏறினார்கள். ஒரு தலித் வீரனின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரம் எரிந்தது. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் நடுநிலை. ஒருவன் அடிக்கிறான், ஒருவன் அடி வாங்குகிறான், இரண்டு பேரையும் முட்டி போட வைத்த நம் ஆசிரியரின் நடுநிலையும் அதேதான்.

அதற்குப் பிறகு நம் ஊர்களில் நடந்த அமைதிக் கூட்டங்கள் நமக்குத் தெரியும். வழக்கை வாபஸ் வாங்கு, பிறகு பேசலாம் என்பார்கள். தண்ணீர்க் குழாயும் பாதையும் சுடுகாடும் அப்படியே இருக்கும். சால்வை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். கட்டப்பஞ்சாயத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம் இடிக்கப்பட்டது. இரண்டு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தது 2011-ல். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் சுவர் இடிந்தது, பிறகுதான் பேச்சு வந்தது. அதுவும் முழுமையான தீர்வு என்று சொல்ல மாட்டோம். ஆனால் சுவரை வைத்துக்கொண்டே கை குலுக்கச் சொல்வதைவிட அது நேர்மையானது.

கயிறு எங்கே கட்டப்படுகிறது

2019 ஜூலை கடைசியில் பள்ளிக் கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டி வரும் பள்ளிகளைக் கண்டறிந்து தடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அரசியல் எதிர்ப்பு வந்தவுடன் அமைச்சரே பின்வாங்கிப் பேசினார். நான்கு வருடம் கழித்து, 2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவனையும் அவன் தங்கையையும் அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது, கயிறு கூடாது, ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடமாற்ற வேண்டும், பெரிய பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்று பல நல்ல பரிந்துரைகள் அதில் இருக்கின்றன. அவற்றை நிறைவேற்றச் சொல்லிப் போராட வேண்டியது நம் கடமை.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2023-ல் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த மாணவர்கள் 2012 வாக்கில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருப்பார்கள். அந்தத் தலைமுறை ஐந்து வருடம் ஏதோ ஒரு தொடக்கப் பள்ளியில் உட்கார்ந்திருந்தது. யார் தண்ணீரை யார் குடிக்கலாம், யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், யாரைத் தெருவைச் சொல்லிக் கூப்பிடலாம் என்பதெல்லாம் அங்கேதான் பழக்கமானது. கயிறு மேல்நிலைப் பள்ளியில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கான கை தொடக்கப் பள்ளியிலேயே தயாராகிவிடுகிறது.

சட்டம் எங்கே, வட்டம் எங்கே

தமிழ்நாட்டில் 2003-ல் கல்வி விதிகளைத் திருத்திப் பள்ளிகளில் அடிப்பதைத் தடை செய்தார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் வந்த திருத்தம், கல்வி நிலையத்துக்குள் நுழைவதைத் தடுப்பதையும் குற்றமாகச் சேர்த்தது. நம் குழந்தையைக் கழிவறை கழுவ வைக்கும் ஆசிரியரையும், சமைக்கும் பெண்ணைச் சாதி சொல்லி விரட்டும் பெரிய மனிதரையும் வட்டத்தில் உட்கார வைத்து உணர்வுகளைப் பகிரச் சொல்ல வேண்டியதில்லை. புகார் கொடுக்க வேண்டும். வழக்கு நடக்க வேண்டும். விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. அந்தப் படியை ஏறுவது நம் உரிமை.

ஆனால் எட்டு வயதுப் பையனை என்ன செய்வது? ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்வது எதுவும் சட்டப்படி குற்றமாகாது. ஏழிலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால் அதற்கு விளைவைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்க வேண்டும். அதாவது தொடக்கப் பள்ளி வயதில் சட்டம் ஏறக்குறைய எட்டாது. அந்த இடத்தில் இதுவரை இருந்தது இரண்டே வழிகள்: பிரம்பு அல்லது 'கை குடுங்க'. மூன்றாவது வழி ஒன்று வேண்டும்.

சீரமைப்பு நீதி அந்த வழியாக இருக்க முடியும் என்று நினைக்கிறோம். 1974-ல் கனடாவின் ஒன்டாரியோவில், வீடுகளைச் சேதப்படுத்திய இரண்டு இளைஞர்களைப் பாதிக்கப்பட்டவர்களின் வீட்டுக்கே அழைத்துப் போய்ப் பேச வைத்ததை இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். நியூசிலாந்து 1989-ல் மாவோரி மக்களின் குடும்பக் கூடுகை வழக்கத்தைத் தன் குழந்தைகள் சட்டத்தில் சேர்த்தது. 1994-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஒரு பள்ளி இதைக் கையில் எடுத்தது. வழக்கமான விசாரணை, என்ன விதி மீறப்பட்டது, யார் மீறினார்கள், என்ன தண்டனை என்று கேட்கும். இது வேறு மூன்று கேள்விகளைக் கேட்கும்: யாருக்குக் காயம்? அவர்களுக்கு என்ன தேவை? அதைச் சரிசெய்யும் பொறுப்பு யாருடையது? காயம் பட்டவரிடமிருந்து தொடங்குவதுதான் நம் ஊர்ச் சமாதானக் கூட்டத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்.

பம்பரம் கைக்கு வந்தபோது

எங்கள் பள்ளிக்குத் திரும்புவோம். அங்கே வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் வட்டம். ஒரு பம்பரம் கை மாறிப் போகும். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். பேசப் பிடிக்கவில்லை என்றால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். முதல் ஆறேழு வாரம் பெரிய விஷயம் எதுவும் பேசவில்லை. காலையில் என்ன சாப்பிட்டாய், எதற்குப் பயம், யார் உன்னைச் சிரிக்க வைப்பார்கள் என்பது மாதிரியான கேள்விகள்தான். சாதாரணப் பேச்சு பழகாத இடத்தில் கனமான பேச்சு நடக்காது.

பாட்டில் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் முதலில் போனது பள்ளிக்கு இல்லை, வராமல் இருந்த பையன் வீட்டுக்கு. அவன் அம்மா பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்ப்பவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எம்பிள்ளை தண்ணிதான குடிச்சான், அவன் எதுக்கு முட்டி போட்டான்?" எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை அப்படியே ஆசிரியரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் கோபப்பட்டார். இரண்டு நாள் கழித்து அந்தக் குழந்தையைக் கூப்பிட்டு, "உன்னை முட்டி போடச் சொன்னது தப்புப்பா" என்றார். ஒரு பெரியவர் தன்னிடம் அப்படிச் சொல்வதை அவன் அதற்கு முன்னால் கேட்டிருக்க மாட்டான்.

பாட்டிலை வீசியவனிடம் தனியாகப் பேசினோம். திட்டவில்லை. என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தாய், அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்டோம். பாட்டிலைத் தொலைத்துவிட்டு வந்ததற்கு வீட்டில் அடி வாங்கியதைச் சொல்லி அழுதான். தண்ணீரை ஏன் கொட்ட வேண்டும் என்று தனக்குத் தெரியாது என்றான். பொய் சொன்னதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

இருவரும் சம்மதித்த பிறகுதான் வட்டத்தில் அதைப் பேசினோம். பம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "தண்ணிய ஊத்துனது கூடப் பரவால்ல. எல்லாரும் பார்த்தாங்க." உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். மன்னிப்பு கேட்பான் என்று எதிர்பார்த்தோம். "நானும் மணி அடிக்கணும்" என்றான்.

அப்போதுதான் எங்களுக்கே புரிந்தது. அந்தப் பள்ளியில் மணி அடிப்பது, வருகைப் பதிவேடு எடுத்து வருவது எல்லாம் ஊர்ப் பிள்ளைகள் வேலை. பெருக்குவதும் குப்பை அள்ளுவதும் காலனிப் பிள்ளைகள் வேலை. யாரும் உத்தரவு போடவில்லை. அது பாட்டுக்கு அப்படி ஆகியிருந்தது. அந்த வாரமே ஆசிரியர் ஒரு அட்டையில் எல்லோர் பெயரையும் அகர வரிசையில் எழுதி ஒட்டினார். மணிக்கும் துடைப்பத்துக்கும் ஒரே வரிசை.

இது எல்லோருக்கும் பிடிக்கவில்லை. பாட்டில் பையனின் அப்பா பள்ளிக்கு வந்து, "பிள்ளைககிட்ட சாதி பேசுறீங்களா?" என்று சத்தம் போட்டார். அவரை எங்களால் மாற்ற முடியவில்லை. இரண்டு பையன்களும் உயிர் நண்பர்கள் ஆகிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான், ஆகவில்லை. ஆனால் அந்தப் பையன் பள்ளிக்கு வருகிறான். தன் முறை வரும் நாளில் சீக்கிரமே வந்துவிடுகிறான்.

அந்த வட்டம் எங்களையும் சும்மா விடவில்லை. இன்னொரு நாள், அருந்ததியர் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, தன்னைக் கேலி செய்வது ஊர்ப் பிள்ளைகள் மட்டும் இல்லை, பக்கத்துக் காலனிப் பிள்ளைகளும்தான் என்றாள். 2009-ல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது நம்மில் சிலர் பேசிய பேச்சை அவள் கேட்டிருக்க முடியாது. அதன் மிச்சத்தைத்தான் அனுபவிக்கிறாள். காயம் பட்டவரிடமிருந்து தொடங்குவது என்றால், சில நேரம் நாம் அடுத்த பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும்.

நாம் செய்யக் கூடியது

தோழர்களே, பள்ளிகளுக்குப் போய் வேலை செய்ய விரும்பும் உங்களுக்கு, எங்கள் அனுபவத்திலிருந்து சில விஷயங்கள். வட்டத்தில் சாதியைப் பெயர் சொல்லிப் பேச வேண்டும். 'சின்னச் சண்டை' என்று மூடிவைத்தால் அது பழைய சமாதானக் கூட்டம்தான். காயம் பட்ட குழந்தையின் சம்மதம் இல்லாமல் நேருக்கு நேர் உட்கார வைக்கக் கூடாது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பெரியவர்கள் செய்யும் வன்கொடுமைக்கு வட்டம் மாற்று ஆகாது. அதற்குச் சட்டம் இருக்கிறது. கடைசியாக, வட்டம் முடியும்போது பள்ளியில் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும். தண்ணீரோ, உட்காரும் இடமோ, மணியோ, எதுவானாலும் சரி.

இதற்கு வெளியிலிருந்து யாரும் அனுமதி தரக் காத்திருக்க வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கேற்ற இடம் இருக்க வேண்டும். நம் ஊர்ப் பள்ளியில் அந்தக் குழு எப்போது கூடுகிறது, நம் அம்மாக்கள் அதில் இருக்கிறார்களா, ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரத்தில் கூடுகிறதா என்று விசாரியுங்கள். கையெழுத்து மட்டும் வாங்கிப் போகும் கூட்டமாக இருந்தால், அங்கே போய் உட்காருங்கள். நீங்கள் படித்த பள்ளிதானே.

அரசின் சின்னத்தில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம். அதன் கீழே 'வாய்மையே வெல்லும்' என்று எழுதியிருக்கிறது. அந்தக் கோபுரத்தின் நிழல் விழும் தூரத்தில் இருக்கும் பள்ளிகளில், ஒரு குழந்தை எட்டு வயதில் "எல்லாரும் பார்த்தாங்க" என்று உண்மையைச் சொல்கிறது. அதைக் கேட்டு ஏதாவது செய்கிற பெரியவர்கள் அங்கே இருக்க வேண்டும். அதற்குத்தான் இந்த வேலை.

ஜெய் பீம்.